எறங்கிட்டு வாரேனுங்க

போன மாதம் ரேவதி என் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். எருமப்பட்டி பக்கத்தில் நான் இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்த அதே சப்ஸ்டேஷனில் இப்போது அவள் ஆபரேட்டர். அவள் ஊர் சேலம் பக்கம் அயோத்தியாப்பட்டணம். நான் ஓய்வு பெறும் முன் கடைசி நான்கு மாதம் என்னோடு ஷிப்ட் பார்த்தவள். இன்னும் பணி நிரந்தரம் ஆகவில்லை. டியூட்டி நேரத்தில் ஒரு காதில் இயர்போன் மாட்டியிருந்தது கேமராவில் தெரிந்து மெமோ கொடுத்திருந்தார்கள். அந்த மெமோவின் ஆறாவது வரியில் என் பெயர் இருந்தது.

“திரு. சண்முகம் அவர்கள் இதே அறையில் பதினோரு ஆண்டுகள் வானொலியோ வேறு ஒலிக்கருவியோ இன்றி, ஒரு தவறும் நேராமல் பணியாற்றியுள்ளார். ஆகவே, கவனம் நிலைக்க ஒலி தேவை என்ற தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதல்ல.”

“உங்களைப் பெருமையாத்தான் எழுதியிருக்காங்க சார்,” என்றாள் ரேவதி. “அந்தப் பெருமைதான் எனக்கு ஆப்பு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரியில் இரண்டு பொய் இருந்தன. இரண்டுமே நான் சொன்னவை. அடுத்த வாரம் விசாரணை. நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் வேலை போகும். திறந்தால், பதிமூன்று வருடமாக நான் மூடி வைத்திருக்கும் ஒரு பகல் வெளியே வரும்.

“என்ன பாட்டு கேட்டே?” என்று கேட்டேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

“பாட்டே இல்ல சார். மழை பேயிற மாதிரி ஒரே இரைச்சல். சின்னதா, ஒரு காதுல மட்டும். மணி அடிச்சா இன்னொரு காதுல கேக்கும்.”

சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவளுக்கு இருப்பதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்லி, மாத்திரையும் கொடுத்து, இப்படி ஒரே சீரான சத்தம் சிலருக்குக் கைகொடுக்கும், சிலருக்குக் கொடுக்காது, நீயே பார்த்துக்கொள் என்றாராம். அவர் சொன்ன அடையாளங்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கை ஒரு வேலையைச் செய்யும், மனசு வேறெங்கோ நிற்கும். பூட்டினோமா என்று பூட்டிய மறு நிமிடமே தெரியாது. எதிராளி பேசி முடிப்பதற்குள் மீதி வாக்கியத்தை நம் மூளையே முடித்துக்கொள்ளும்.

கடைசியாக அவள் சொன்னதைக் கேட்டதும் என் கண் அந்த ஆறாவது வரிக்கே போனது. என்னை எந்த டாக்டரும் சோதித்ததில்லை. அறுபத்திரண்டு வயதில் இனிச் சோதித்து என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. ஆனால் அவள் வாசித்தது என் ஜாதகம்.

நான் குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். எட்டுத் தறி ஓடும் கூடத்தில்தான் வாய்ப்பாடு படித்தேன். அந்த ‘டடக் டடக்’ காதில் இருக்கும்வரை கணக்கும் ஏறும், பாடமும் ஏறும். பள்ளிக்கூடத்தின் அமைதியில் எதுவும் ஏறாது. வாத்தியார் எனக்கு வைத்த பெயர் பராக்கு. கரண்ட் போய்த் தறி நின்றால் வீடே காலை நீட்டி உட்காரும். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எறும்பு ஊரும். ஐ.டி.ஐ. படிப்பு, அப்ரண்டிஸ், கம்பம் ஏறிய சில வருடம் எல்லாம் மேலதிகாரிகளின் திட்டுகளிலும் நண்பர்களின் தயவிலும் கழிந்தன. பிறகு சப்ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

எங்கள் வேலையின் உயிர் ‘எல்.சி.’ என்ற இரண்டு எழுத்தில் இருக்கிறது. லைன் கிளியர். சப்ஸ்டேஷனிலிருந்து ஊர்களுக்குப் போகும் ஒவ்வொரு தடத்துக்கும் ஃபீடர் என்று பெயர். கம்பத்தில் ஏறப்போகும் லைன்மேன் போன் செய்து, இந்த ஃபீடரில் எனக்கு எல்.சி. வேண்டும் என்று கேட்பார். ஆபரேட்டர் அந்தத் தடத்தின் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்சை அணைத்து, பூட்டி, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற அட்டையைத் தொங்கவிட்டு, ஒரு நம்பர் கொடுப்பார். லைன்மேன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் அங்கே கம்பியை எர்த் ராடால் தரையோடு இணைத்துவிட்டுத்தான் ஏறுவார். வேலை முடிந்ததும் இறங்கி, ராடை எடுத்துவிட்டு, மறுபடி போன் செய்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: தன் பெயர், அந்த நம்பர், ‘ஆள் சாமான் எல்லாம் எடுத்தாச்சு, சார்ஜ் பண்ணலாம்.’ மூன்றும் காதில் விழுந்த பிறகுதான் கரண்ட். ஒன்று குறைந்தாலும் கூடாது.

இதை எனக்குள் அடித்து இறக்கியவர் ஃபோர்மேன் நல்லசாமி. அடித்து என்று சொல்கிறேனே தவிர, அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சார்ஜ் செய்யும் நேரத்தில் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார்.

“கைய அட்டை மேல வெய்ங்க சாமி. அதுல எழுதியிருக்கறதப் படிங்க.”

படிப்பேன்.

“கம்பத்துல இருந்தது யாரு?”

பெயரைச் சொல்வேன்.

“அந்தாளு ஊட்டுல யாராரு இருக்கறாங்க?”

அதையும் சொல்ல வேண்டும். சம்சாரம், ரெண்டு பிள்ளை, கண் தெரியாத அப்பா என்று வரிசையாக. சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்கு சுவிட்சைத் தொட விடமாட்டார். அவரே சார்ஜ் செய்துவிட்டு, என்னை அந்த லைன்மேன் வீட்டு விலாசம் விசாரித்து வரச் சொல்வார். மற்ற ஆபரேட்டர்கள் அவரை ‘ரேஷன் கார்டு ஃபோர்மேன்’ என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

முதல் வருடமே ஒருநாள் எல்.சி. அட்டையைப் பக்கத்து ஃபீடரில் மாட்டிவிட்டேன். லைன்மேன் ஏறுவதற்குள் நல்லசாமி பார்த்துவிட்டார். திட்டவில்லை, மேலே எழுதவும் இல்லை. “சாயங்காலம் அவரு ஊட்டுக்குப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். போனேன். அந்த அம்மா டீ கொடுத்தது. கைக்குழந்தை என் சட்டைப் பையிலிருந்த பேனாவை இழுத்தது. அதை அதன் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எந்தக் கோவிலில் நின்றாலும் ஒரே வேண்டுதல்தான்: என் பராக்கு புத்தியால் ஒரு ஆள் போய்விடக் கூடாது.

அடுத்த வருடம் மாரியம்மன் நோம்பி. சப்ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஒலிபெருக்கி கட்டி, எட்டு நாளும் நாதஸ்வரமும் மேளமும் போட்டார்கள். மற்றவர்கள் காதைப் பொத்தினார்கள். அந்த எட்டு நாளும் நான் மணிக்கொரு தரம் மீட்டர் ரீடிங் எழுதியதில் ஒரு அடித்தல் இல்லை, ஒரு எண் இடம் மாறவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. நல்லசாமி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“சாமி, உங்களுக்குச் சத்தம் இருந்தாத்தான் புத்தி நிக்குது போல.”

மறுநாள் தன் வீட்டு பழைய டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நாதஸ்வர கேசட் நான்கு. “ரேடியோவும் இதுல இருக்குது. ஆனா பேச்சு வெக்காதீங்க. பேச்சு வெச்சா அதுக்குப் பின்னாடியே போயிருவீங்க.”

அவர் சொன்னது சரி. வருடக்கணக்கில் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். செய்தி வைத்தால் ரீடிங் தப்பும். புதுப் பாட்டு வைத்தால் அடுத்த வரி என்ன என்று மனசு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு என்றால் தொந்தரவு இல்லை. எல்.சி. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மேளம் மட்டும், அதுவும் மெதுவாக. பால் கறக்கும்போது மாட்டுக்கு முன்னால் கொஞ்சம் தவிட்டை வைப்போமே, அது அதைத் தின்றுகொண்டு அசையாமல் நிற்குமே, அப்படித்தான் என் புத்தியின் துள்ளுகிற பாதிக்கு அந்தச் சத்தம். மீதிப் பாதி வேலையைப் பார்க்கும். பதினான்கு வருடம் இப்படி ஓடியது. நடுவில் நல்லசாமி ஓய்வு பெற்றார். காலமாகியும் விட்டார்.

பிறகு புதுக் கட்டடம் வந்தது. ஏ.சி., இரட்டைக் கண்ணாடி, கதவைச் சாத்தினால் வெளியே டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம்கூடக் கேட்காது. பிரேக்கர்கள் எல்லாம் அறைக்குள்ளேயே பீரோ மாதிரி வரிசையாக நின்றன. சக்கரம் வைத்த வண்டியை உள்ளே தள்ளினால் இணைப்பு, வெளியே இழுத்தால் துண்டிப்பு. அதோடு புது உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடமும் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வேலை தெரிந்தவர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். முதல் நாளே மேஜையைப் பார்த்தார்.

“இது எதுக்கு சார்?”

“பழக்கமுங்க மேடம்.”

“வேற ஒரு இடத்துல பாட்டுச் சத்தத்துல அலாரம் மணி கேக்காம விட்டிருக்காங்க. எடுத்துருங்க.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று சொல்வது? என் புத்தி தானாக நிற்காது மேடம், முட்டுக் கொடுக்க வேண்டும் என்றா? ஆபரேட்டர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் அந்த நாற்காலியில் விட்டு வைப்பார்களா? எனக்கு அதற்குப் பெயர்கூடத் தெரியாது. டேப் ரெக்கார்டரைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அதற்குப் பிறகு வந்தது ஆறு வாரம். அந்த அறையின் அமைதி என்னைத் தின்றது. ஒரு பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். மூன்றாவது தடவை பார்க்கும்போது, முதல் தடவை பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று குழம்பும். ஷிப்ட் முடிந்து பாதி வழி போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அட்டை சரியான ஃபீடரில்தான் தொங்குகிறதா என்று பார்த்திருக்கிறேன். அடுத்த ஷிப்ட்காரர் “ஏனுங்க, எதாச்சும் மறந்துட்டீங்களா?” என்பார். குடை என்று சொல்வேன். வெயில் காலத்தில்.

அந்த நாள் வந்தது. முந்தின நாள் கோடைக் காற்று மழையில் மரக்கிளை விழுந்து ஒரு ஃபீடரில் கம்பி அறுந்திருந்தது. லைன்மேன் அர்த்தனாரி காலை பத்தரைக்கு எல்.சி. வாங்கினார். அவரைப் போல ஒழுங்கான ஆளைப் பார்க்க முடியாது. எனக்கு இரண்டு வயது இளையவர். வண்டியை வெளியே இழுத்தேன், பூட்டினேன், அட்டை மாட்டினேன், நம்பர் கொடுத்தேன். அவர் திருப்பிச் சொன்னார். எல்லாம் சரி.

பிறகு இரண்டு மணி நேரம் அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தேன். எதை நினைத்தேன் என்று கேட்டால் தெரியாது. நூறு விஷயம். போன் அடித்தது.

“சண்முகஞ் சாமி, அர்த்தனாரி பேசறனுங்க. கட்டி முடிச்சாச்சுங்க. பசங்களக் கீழ எறக்கியுட்டேன். எறங்கிட்டு வாரேனுங்க.”

போனை வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ‘வாரேனுங்க’ என்றுதான் போனையே வைப்போம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் அதுதான், வழியில் வந்துகொண்டிருக்கும்போதும் அதுதான். அர்த்தனாரி சொன்னது, இனிமேல்தான் இறங்கப் போகிறேன், இறங்கி வந்து பேசுகிறேன் என்று. என் காதில் விழுந்தது, ‘எறங்கிட்டேன், வாரேனுங்க.’ இல்லை, அது பொய். காதில் சரியாகத்தான் விழுந்தது. முடிச்சாச்சு என்ற வார்த்தையோடு என் மூளை அவரை இறக்கிவிட்டு, ராடையும் எடுத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டது. நம்பரை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அட்டையைக் கழற்றினேன், பூட்டைத் திறந்தேன், வண்டியை உள்ளே தள்ளினேன், சுவிட்சைத் திருப்பினேன்.

டமால் என்று தானாகவே அணைந்து விழுந்தது பிரேக்கர். அலாரம் மணி அடித்தது. மேடம் எந்த மணி கேட்க வேண்டும் என்று பாட்டை நிறுத்தச் சொன்னாரோ அந்த மணி கணீரென்று கேட்டது.

அப்போதுதான் புரிந்தது. கரண்ட் போய் மோதியது எர்த் ராடில். ராட் இருக்கிறது என்றால் ஆள் மேலே இருக்கிறார். மணியை அணைத்தேன். வண்டியை வெளியே இழுத்தேன். பூட்டினேன். அட்டையை மறுபடி மாட்டினேன். இதையெல்லாம் செய்யக் கை எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

பதினேழு நிமிடம். சுவரைப் பார்த்தபடி நல்லசாமிக்குப் பதில் சொல்வது போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அர்த்தனாரி. சம்சாரம். ஒரு பொண்ணு, ஒரு பையன். அம்மா. ஒரே தங்கச்சி, அதே ஃபீடரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் கந்தசாமிக்குக் கட்டிக் கொடுத்தது. மறுபடியும் முதலிலிருந்து. நான் ஒரு குடும்பத்தைக் கொன்றுவிட்டேன் என்று அந்தப் பதினேழு நிமிடமும் நம்பினேன்.

போன் அடித்தது. அவரே பேசினார். மூச்சு வாங்கியது.

“சாமி, ராடுகிட்டப் பட்டுன்னு நெருப்பு பறந்துச்சுங்க. நான் பாதிக் கம்பத்துல இருந்தேன். கை வுட்டுப் போச்சு. இடுப்புக் கயித்துலதான் தொங்குனேன். தோளு நவுந்துருச்சுங்க. நீங்க ஒண்ணும் சார்ஜ் பண்ணலீங்களே?”

“இல்லீங்க,” என்றேன். “வண்டி வெளியதானுங்க இருக்குது.”

நான் சொன்ன அந்த நிமிடத்தில் வண்டி வெளியேதான் இருந்தது.

“அப்பிடீன்னா அந்தப் பண்ணை ஜெனரேட்டர்தானுங்க,” என்றார். “ஓடற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.”

கரண்ட் இல்லாதபோது பண்ணைகளில் ஜெனரேட்டர் போடுவார்கள். போடும் முன் மாற்றுச் சுவிட்சைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் ஜெனரேட்டர் கரண்ட் பின்வழியாக எங்கள் கம்பிக்கு ஏறும். இதில் ஆள் செத்த கதை எல்லா லைன்மேனுக்கும் தெரியும். அதனால் யாரும் சப்ஸ்டேஷனைச் சந்தேகப்படவில்லை. நேரத்தைத் தானே பதிகிற கம்ப்யூட்டர் அப்போது எங்கள் பேனலில் இல்லை. பதிவேட்டில் நான் எழுதினால்தான் உண்டு. நான் எழுதவில்லை.

கந்தசாமியின் பண்ணையைச் சோதித்தார்கள். மாற்றுச் சுவிட்ச் பழசு. புதிது போடும்வரை ஜெனரேட்டருக்குச் சீல் வைத்து, இணைப்பையும் துண்டித்தார்கள். அது கடும் வெயில் காலம். விசிறி ஓடாத கொட்டகையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அர்த்தனாரி தோளில் கட்டோடு போய், கந்தசாமியின் வாசலில் நின்று, இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆறு வருடம் கழித்து அந்தத் தங்கை நோயில் இறந்தபோது போனார். தங்கை உடம்பை வாசலில் வைத்தே பார்த்துவிட்டு, அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பினார். சாவுக்கு நானும் போயிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. அந்த நாளுக்கு மறுவாரம், ஏ.சி. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூட்டு வலி என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு பழைய டேபிள் ஃபேனைக் கொண்டுபோனேன். பேரிங் போனது. ‘டடக் டடக்’ என்று ஒரே சீராக அடிக்கும். எண்ணெய் விட வந்தவர்களை எல்லாம் விரட்டினேன். காற்றாடியை யாரும் ஒலிக்கருவி என்று எண்ணவில்லை. பதினோரு வருடம் அந்தச் சத்தத்தில்தான் ஓட்டினேன். ஓய்வு பெறும்போது மேடம் எழுதிய சான்றிதழில் ‘பிழையற்ற பணி’ என்று இருந்தது. அந்தச் சான்றிதழில் இருந்துதான் ரேவதியின் மெமோவுக்கு ஆறாவது வரி வந்தது.

ரேவதி போன பிறகு நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாவது நாள் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாமக்கல் ஆபீசுக்குப் போனேன். மேடம் இப்போது பெரிய பதவியில், அந்த விசாரணையே அவரிடம்தான். படித்தார். ஒருதரம் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“நான் எடுக்கச் சொன்னப்ப ஏன் சார் சொல்லல?”

“பயமுங்க மேடம்.”

“இப்ப?”

“இப்பவும் பயந்தானுங்க.”

மெமோவின் நகலை எடுத்து ஆறாவது வரியைப் பேனாவால் அடித்தார். “இந்தப் பொண்ணு விஷயத்த டாக்டர் லெட்டரோட மறுபடி பாக்கறேன். ஒரு காது போதும், சத்தம் இவ்வளவுதான்னு எழுத்துல வாங்கிட்டு அனுமதிக்க முடியுமான்னு கேக்கறேன். உங்க விஷயம் தனி சார். அதுல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.” பிறகு என் காகிதத்தைத் தட்டினார். “இதுல இன்னொருத்தர் பேரு இருக்கு. அவருக்கு நோட்டீஸ் போகும். அவருக்கு இது தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“நாளைக்குச் சாயங்காலம்தான் அனுப்புவேன். அதுக்குள்ள போய்ச் சொல்லிருங்க.”

மறுநாள் காலை நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அர்த்தனாரி போன வருடம்தான் ஓய்வு பெற்றார். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார், மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அவர் வலது தோளை இடது கையால் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தோள் இன்றுவரை முழுசாகத் தூக்க வராது.

கொன்றுபோடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“ஏறுங்க வண்டில.”

“எங்கீங்க?”

“எனக்குச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? சொல்ல வேண்டிய எடத்துல வந்து சொல்லுங்க.”

வண்டியை வேகமாக விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, இவர் எதன்மேலாவது கொண்டுபோய் மோதினால்கூடக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. பண்ணை கேட் வந்ததும் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

“நான் உள்ள வாரதில்லைன்னு சொல்லிப் போட்டவனுங்க. நீங்க போங்க.”

கந்தசாமி கொட்டகையில் தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்து “வாங்க” என்றார். ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே இரைச்சலாகக் கத்திக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் என் புத்தி ஒரு இடத்தில் நின்றது. அர்த்தனாரியிடம் உளறியதை இங்கே ஒரு வார்த்தை விடாமல், வரிசை மாறாமல் சொன்னேன். போன் வந்தது, நான் அவசரப்பட்டது, மணி அடித்தது, ‘இல்லீங்க’ என்று சொன்னது, உங்கள் ஜெனரேட்டர்மேல் ஒரு தப்பும் இல்லை என்பது வரைக்கும்.

அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டுக்கு வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு அந்த சுவிட்ச்சத் திருப்புனனா இல்லையான்னு எனக்கே நெனப்பு இல்லீங்க,” என்றார். “திருப்பியிருப்பேன்னுதான் மொதல்ல சண்டை போட்டேன். அப்பறம் எல்லாருஞ் சொல்லச் சொல்ல, நாந்தான் மச்சானக் கொல்லப் பாத்தேன்னு முடிவு பண்ணிட்டனுங்க. என்ற சம்சாரம் கடைசியாப் படுத்திருக்கறப்பக் கேட்டா. ‘நெசமாலுமே சுவிட்ச்சத் திருப்புனீங்களா?’ன்னு. திருப்புனேன்னு சொன்னனுங்க. சாகப்போறவகிட்டப் பொய் சொல்றமேன்னு நெனச்சுக்கிட்டே சொன்னனுங்க. அவளும் என்ற மூஞ்சியப் பாத்துட்டு, நம்பாமத் திரும்பிப் படுத்துக்கிட்டா.”

கையில் ஒட்டியிருந்த தீவனத் தூசியை வேட்டியில் துடைத்தார்.

“அவகிட்டப் போயி இனி யாருங்க சொல்றது?”